பரணில் ஒளித்த கருவிகள்



மன்ற மேடையிலே பேசுவதற்குக் கைமணிக்கூடும் ஒரு பொருளோ எனச் சிலர் எண்ணக்கூடும். விலையுயர்ந்த மணிக்கூடுகளைத் தேடிச் சேர்ப்பது வெறும் ஆடம்பரமே என்பது அவர்கள் கட்சி. அதிற் பாதி உண்மையென்பதை நாம் மறுக்கவில்லை. பிறர் காணட்டும் என்றே சட்டைக் கையை மடித்து விடுபவர்களை நாமுங் கண்டிருக்கிறோம்!

ஆயினும், நேரம் அறிவதற்காக மட்டும் இன்று எவரும் சாவிகொடுக்கும் மணிக்கூட்டை வாங்குவதில்லை. 1969 டிசெம்பர் 25ஆந் திகதி யப்பானின் செய்க்கோ நிறுவனம் முதலாவது குவார்ட்சுக் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. இன்றோ மலிவான பற்றரி மணிக்கூடே தேர்ந்த சுவிஸ் பொறியிலும் செம்மையாக நேரங் காட்டுகிறது.

அந்த வெள்ளத்திலே சுவிற்சர்லாந்தின் கைத்தொழில் நிலைகுலைந்தது. அங்கே லு லொக்ல் என்னும் ஊரில் 1865இல் தொடங்கிய செனித் தொழிற்சாலை, 1969இல் 'எல் பிரிமெரோ' என்ற இயந்திரத்தை ஆக்கியிருந்தது. செக்கனுக்குப் பத்துத் துடிப்பு. ஆதலாற் செக்கனின் பத்திலொரு பங்கையும் அது அளக்கும். 1975இல், தொழிற்சாலைக்கு உடைமையாளராயிருந்த அமெரிக்கக் கம்பெனி, பொறி மணிக்கூட்டு வேலையை நிறுத்தும்படி கட்டளையிட்டது. சாள்ஸ் வேர்மோ என்ற தொழிலாளர் எழுதி மன்றாடிப் பார்த்தார், பயனில்லை. பின்பு அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் சிறிது சிறிதாகப் பரணுக்குச் சுமந்து சென்று ஒளித்தார். செய்முறைகளையும் எழுதி வைத்தார். கட்டளையை மீறியது பிழையென்று பெரியோர் சொல்லலாம். நமக்கோ அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

1980களிலே பொறி மணிக்கூடுகளை மக்கள் மீண்டும் நாடியபொழுது அக்கருவிகள் கீழே இறங்கின. 1988இல் ரோலெக்ஸ் நிறுவனமே, துடிப்பை எட்டாகக் குறைத்து, அவ்வியந்திரத்தைத் தன் 'டேற்றோனா' மணிக்கூட்டிற் பொருத்தியது.

சேர்க்க விரும்பும் இளைஞர்காள், முகப்பிலுள்ள பெயரோடு நின்றுவிடாமல் உள்ளே ஓடுவது யாருடைய இயந்திரம் என்று கேளுங்கள். கடன்பட்டு வாங்காதீர்கள். வாங்கியதைப் பெட்டியிற் பூட்டாமற் கட்டுங்கள். காந்தத்துக்குக் கிட்ட வைக்காதீர்கள். நள்ளிரவை அண்டிய வேளையிலே திகதியைத் திருப்பாதீர்கள், பற்கள் பழுதாகலாம். வீட்டு அலுமாரியிற் பாட்டனாரின் மணிக்கூடு நின்றுபோய்க் கிடக்குமானால் அதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் உடனே சாவிகொடுத்து ஓடவிட வேண்டாம். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் அச்சுகள் தேயும். முதலில் திருத்துபவரிடங் கொடுத்துக் கழுவி எண்ணெயிடுவியுங்கள்.