பெருவிரலிலிருந்து கையெழுத்துக்கு
(மாதர் பிரிவுக் கூட்டத்தில், பெண்களுக்கான மாலை வகுப்பை நடத்துவோர் சார்பில் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டுக்குப் போய், மலை ஏறி இறங்கி, கொழுந்து நிறுத்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்து, அடுப்பு மூட்டிச் சமைத்து வைத்த பிறகுதான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் பேசுகிறோம்.

எங்கள் வகுப்பின் முதல் நாளில் யாரும் கொப்பியைத் திறக்கவில்லை. "எனக்கு மண்டையில ஏறாது தங்கச்சி" என்றார் ஓர் அக்கா. "இந்த வயசுல படிச்சு கிளாக்கர் வேலைக்கா போகப் போறோம்?" என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நாளெல்லாம் கொழுந்து பறித்தும் சளைக்காத கைகள், பென்சிலைப் பிடித்ததும் நடுங்கின. அந்த நடுக்கம் மூளை இல்லாததால் வந்ததல்ல, வெட்கத்தால் வந்தது என்பதை நாங்கள் மெதுவாகத்தான் விளங்கிக்கொண்டோம்.

அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைக் கையேற்கத் தொடங்கியது. அதுவரை பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர். அந்த அறைக்கும் போகாமல், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள லயத்திலேயே நின்றவர்கள் பெண் பிள்ளைகள்தான். எழுத்துத் தெரியாதது நம்முடைய குற்றமல்ல. ஆனால் வெட்கத்தை மட்டும் நாம் இத்தனை வருடம் கூடையோடு சேர்த்துச் சுமந்திருக்கிறோம்.

சில வாரங்கள் கழித்து ஓர் அக்கா தன் பெயரைத் தானாக எழுதினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்க அம்மா பேரை எப்படி எழுதுறது?" என்று கேட்டார். அவருடைய அம்மா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. செக்ரோலில் யாரோ எழுதிய அந்தப் பெயரை, முதல்முறையாக மகளின் கை எழுதியது. அன்று அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை. எல்லோரும் தத்தம் அம்மாவின் பெயரை எழுதக் கேட்டார்கள்.

இன்னொருவர் சம்பளத் துண்டை வாசிக்கப் பழகினார். ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிக்கிறார்கள், தோட்டம் நூற்றுக்கு 12 போட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு அவர் அலுவலக ஜன்னலுக்குப் போய், "ஐயா, இந்தக் கழிவு எதுக்கு?" என்று கேட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வரிசையின் கடைசியில் தலை குனிந்து நின்றவர், நிமிர்ந்து நின்று கேட்டுவிட்டு வந்தார். அன்று அவருக்குக் கிடைத்தது அதுதான்.

ஆன்மிகம் என்றால் கோயில் மட்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் கோயிலிலும் இது தெரிகிறது. பூசாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னவர், இப்போது மாரியம்மன் முன்னால் பாட்டுப் புத்தகத்தை விரித்து, எழுத்துக் கூட்டி, ஒரு வரியைத் தானே வாசிக்கிறார். தேவாலயத்துக்குப் போகும் சகோதரி வீட்டில் வேதத்தை எடுத்து வாசிக்கிறார். வாசிப்பில் பிழை வருகிறது. ஆனாலும் சாமியிடம் நானே பேசுகிறேன் என்ற அமைதி அவர்கள் முகத்தில் இருக்கிறது.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொன்னால் அது பொய். வாசிக்கத் தெரிந்த ஒரு சகோதரி, டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய கடன் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். வேறொருவரின் கடனுக்குத் தான் பிணை நின்றதாகப் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. "தெரியாமலே இருந்திருக்கலாம்" என்று அழுதார். நாங்கள் புத்தகம் எதுவும் கொண்டுபோகாமல், அவர் காம்பராவில் போய் உட்கார்ந்தோம். மற்றவர்களும் தாங்கள் எங்கெங்கே பெருவிரல் வைத்தோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். மூன்றாம் வாரம் அவர் திரும்பி வந்தார். இப்போது எந்தப் பத்திரத்தை நீட்டினாலும், "வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் தருவேன்" என்கிறார்.

அன்றிலிருந்து வகுப்பு தொடங்குமுன் கால் மணி நேரம் வெறும் தேத்தண்ணியோடு மனம் விட்டுப் பேசுகிறோம். அந்தப் பேச்சும் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று அவர் நமக்குக் கற்றுக்கொடுத்தார்.

1930களில் மீனாட்சி அம்மாள் நடேசய்யர், எழுத்தறியாத நம் மக்களிடம் உரிமையைப் பாட்டாகவே கொண்டுபோனார். அன்று காதால் கேட்டதை இன்று கண்ணால் வாசிப்பது அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

தொடங்கியபோது வந்தவர்களில் பாதிப் பேர்தான் இன்று வகுப்பில் இருக்கிறார்கள். காரணம் சோம்பல் அல்ல, வீட்டு வேலை. அதனால் மூன்று வேண்டுகோள்.

ஆண் தோழர்களே, வாரத்தில் இரண்டு மாலை அடுப்பை நீங்கள் பாருங்கள். "கிழவி படிக்கப் போறா" என்ற கேலியை நிறுத்துங்கள். அந்த ஒரு சொல்லால் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

தோட்டத் தலைவர்களே, அங்கத்துவப் படிவம் நிரப்பும்போது நம் சங்கத்தினரே அவசரப்பட்டு மைப்பெட்டியை நீட்டியிருக்கிறோம். இனி முதலில் பேனாவை நீட்டுங்கள். அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருங்கள்.

சகோதரிகளே, நின்றுபோனவர்கள் திரும்பி வாருங்கள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டோம். உங்கள் கொப்பி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.