அளவும் அளப்பவரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

செவ்வாய்க் கோளில் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். உத்திரமேரூர் வட்டத்து உழைக்கும் மக்களுக்கு இதனால் என்ன பயன் என நீங்கள் வினவலாம். நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டை மீறலாகாது என்பது பொது விதி. கருவி காட்டும் ஓர் எண், ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்புக்குத் தீர்ப்புரைக்கின்றது. அவ்வெண் எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிந்தவரே அதனைக் கேள்வி கேட்க வல்லவர்.

ஈரம் பட்டால் மயிர் நீளும். இவ்வியல்பைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கும் முறையை ஜெனீவா அறிஞர் சொசூர் 1783இல் நூலாக வெளியிட்டார். 1973இல் பின்லாந்து நாட்டின் வைசாலா நிறுவனம் மெல்லிய பாலிமர் படலத்தாலான உணர்கருவியை அறிமுகம் செய்தது. இரு மின்முனைகளுக்கு இடையே அப்படலம் அமைந்திருக்கும். அது நீராவியை உறிஞ்சும்போது அதன் மின்தேக்கு திறன் மாறும். அம்மாற்றமே ஈரத்தின் அளவாகக் கணக்கிடப்படுகின்றது.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியில் இவ்வகைக் கருவியே பொருத்தப்பட்டிருந்தது. பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனம் அதனை உருவாக்கியது. செவ்வாயின் காற்றழுத்தம் நம் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே. இரவில் குளிர் சுழிக்குக் கீழே 70 பாகை செல்சியசையும் தாண்டும். அக்கடுங்குளிரில் படலம் மெதுவாகவே ஈரத்தை ஏற்கும். கருவியில் பாயும் மின்சாரமே அதனைச் சிறிது சூடாக்கி அளவைப் பிறழச் செய்யும். ஆகவே கருவியை அணைத்து வைத்து, மீண்டும் இயக்கிய முதற்சில விநாடிகளின் அளவையே மிகுதியும் நம்புவர்.

விடியலுக்கு முன் அங்கே ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டியதும் உண்டு. அப்படியாயின் செவ்வாய்க் காற்றில் நீர் நிறைந்துள்ளதா? இல்லை. நம்மூரில் 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். சுழிக்குக் கீழே 80 பாகையில் ஒரு மில்லிகிராம்கூடத் தாங்காது. இங்கே 60 விழுக்காடு என்றால் 18 கிராம்; அங்கே அரை மில்லிகிராமுக்கும் குறைவு. எண் ஒன்றே; பொருளோ வேறு. கலத்தின் கொள்ளளவை அறியாமல் விழுக்காட்டை மட்டும் படிப்பவர் ஏமாந்து போவர்.

2008ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் செவ்வாயின் வடபுலத்தில் இறங்கிய பீனிக்ஸ் கலமும் ஈரத்தை அளந்தது. அதன் அளவுகளில் ஐயம் எழுந்தபோது அறிஞர்கள் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. அக்கருவியின் உடன்பிறப்பாகிய மாற்றுக் கருவியைப் புவியில், செவ்வாயின் குளிரும் காற்றழுத்தமும் அமைந்த அறையில் வைத்துச் சோதித்தனர், அளவுகளைத் திருத்தினர். குறை அளக்கப்பட்ட பொருளில் இல்லை, அளவுகோலில் இருந்தது.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. 2008 நவம்பர் 14ஆம் நாள் சந்திரயான்-1 விடுவித்த மோதுகலத்தில், திருவனந்தபுரத்தில் உருவான ‘சேஸ்’ கருவி இருந்தது. நிலவின் மிக அரிதான வாயுக்களுக்கிடையே, நிறை எண் 18 கொண்ட நீர் மூலக்கூற்றின் சுவட்டை அது பதிவு செய்தது. அத்திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்தவர்.

அன்பர்களே! நம்மூர்க் குடவோலைக் கல்வெட்டை உலகமே போற்றுகின்றது. முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டு, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவரைத் தகுதியுடையவராகக் கொண்டது. நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டவர் அவ்வளவுகோலின்படி தகுதியற்றவர் ஆயினர். அவர்கள் ஏன் அவற்றைப் பெறவில்லை என்று அது கேட்கவில்லை. இன்றும் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்து, வயல்வேலை முடித்துப் படிக்கும் பிள்ளையின் 60 மதிப்பெண்ணும், எல்லா வசதியும் பெற்ற பிள்ளையின் 60 மதிப்பெண்ணும் ஒன்றெனவே எண்ணப்படுகின்றன. சூழலை அறியாத அளவு முழுமையான அளவாகாது.

ஆகவே கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு வெப்பமானிகள் வாங்குங்கள். ஒன்றன் குமிழை ஈரத் துணித்திரியால் சுற்றுங்கள். இரண்டும் காட்டும் வேறுபாட்டிலிருந்து அட்டவணையின் துணையால் காற்றின் ஈரத்தைக் கணக்கிடலாம். நம் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் நாள்தோறும் காலை மாலை அளந்து குறிப்பேட்டில் எழுதட்டும். இதுகாறும் பிறரால் அளக்கப்பட்டவர்களாகவே இருந்தோம். இனி அளப்பவர்களாகவும், அளவுகோலைச் சோதிப்பவர்களாகவும் நம் பிள்ளைகள் விளங்குவாராக!