இரண்டாம் முறை எழுதியவரின் மதிப்பெண்

ஒரே மாணவர் ஒரு நுழைவுத் தேர்வைப் பலமுறை எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பெண்களுடன் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது எந்த மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்வது என்பது, அலுவலக நடைமுறை சார்ந்த சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், சட்டப் படிப்பில் யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதை அது பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டால் ஒருவரும், எல்லாவற்றின் சராசரியை எடுத்துக்கொண்டால் வேறொருவரும் பட்டியலில் மேலே வருவார்கள்.

இக்கேள்வி நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட இடம் அமெரிக்கா. அங்குப் பட்டப்படிப்பு முடித்தவர்கள் சட்டக் கல்லூரியில் சேர எழுதும் எல்சாட் தேர்வின் மதிப்பெண்கள் 120 முதல் 180 வரை அமைந்திருக்கும். ஒருவர் அதைப் பலமுறை எழுதியிருந்தால், 2006 வரை பெரும்பாலான கல்லூரிகள் சராசரியையே பார்த்தன. ஏனெனில் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், சேர்ந்த மாணவர்களின் புள்ளிவிவரத்தைச் சராசரியின் அடிப்படையிலேயே கேட்டுவந்தது. 2006இல் அச்சங்கம் மாணவர் பெற்ற மிக உயர்ந்த மதிப்பெண்ணைத் தெரிவித்தால் போதும் என்று விதியை மாற்றியதும், கல்லூரிகளும் படிப்படியாக உயர்ந்த மதிப்பெண்ணுக்கு மாறின. கல்லூரிகளின் தரவரிசை, சேர்ந்தவர்களின் மதிப்பெண்களை வரிசைப்படுத்தும்போது நடுவில் நிற்கும் மதிப்பெண்ணையும் பொறுத்தது என்பதால், உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வது கல்லூரிகளுக்கும் ஆதாயமாக இருந்தது. ஆக, மாணவரின் திறமையை எது சரியாகக் காட்டுகிறது என்ற ஆராய்ச்சியைவிட, எந்த எண்ணை மேலே அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமே இந்த மாற்றத்தை நடத்தியது என்பது கவனத்துக்குரியது.

எந்தத் தேர்விலும் அளவைப் பிழை என்ற ஒன்று உண்டு. அதாவது, அதே மாணவர் அதே தயாரிப்புடன் வேறொரு நாளில் எழுதினால் மதிப்பெண் சற்றே கூடவோ குறையவோ செய்யும். எல்சாட்டில் இது இரு பக்கமும் ஏறத்தாழ 3 மதிப்பெண் அளவுக்கு இருக்கும் என்று தேர்வை நடத்துவோரே கூறுகின்றனர். உண்மையான திறமை 155 என்ற அளவில் உள்ள ஒருவர் மூன்று முறை எழுதி 153, 155, 158 பெறுகிறார் என்று கொள்வோம். சராசரி 155க்கு மிக அருகிலேயே நிற்கிறது. உயர்ந்த மதிப்பெண்ணோ 158. அவருக்கு இணையான திறமையுடைய இன்னொருவர் ஒரே முறை எழுதி 153 பெற்றிருந்தால், இருவருக்கும் இடையில் 5 மதிப்பெண் இடைவெளி தோன்றிவிடுகிறது. இந்த இடைவெளிக்கும் சட்ட அறிவுக்கும் தொடர்பில்லை. அது எத்தனை முறை எழுத முடிந்தது என்பதன் விளைவு மட்டுமே. காய்ச்சலோடு தேர்வு எழுதியவருக்கும், ஓராண்டில் உண்மையாகவே படித்து முன்னேறியவருக்கும் சராசரி அநீதி இழைக்கும் என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இருப்பதால்தான் இன்றும் பல கல்லூரிகள் எல்லா மதிப்பெண்களையும் பார்வையிடுகின்றன. எண்ணிக்கைக்கு வரம்பும் விதிக்கப்பட்டு, ஒருவர் வாழ்நாளில் 7 முறைக்கு மேல் எல்சாட் எழுத முடியாது என்ற விதி வந்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாகத் தேர்வு நடத்திவந்ததால் மாணவர்கள் பட்ட சிரமம் 2006இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றதை அடுத்து, 7 பல்கலைக்கழகங்கள் இணைந்து 2008இல் கிளாட் என்னும் பொதுச் சட்டச் சேர்க்கைத் தேர்வைத் தொடங்கின. திருச்சிக்கு அருகே நாவலூர் குட்டப்பட்டில் இயங்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இத்தேர்வின் வழியாகவே மாணவர்களைச் சேர்க்கிறது. கிளாட் மதிப்பெண் அந்த ஆண்டின் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். முந்தைய ஆண்டின் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் கேட்பதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பும் கிடையாது. முன்பு இருந்த உச்ச வயது வரம்பும் நீதிமன்ற வழக்குகளுக்குப் பின் விலக்கப்பட்டது. இருவர் சம மதிப்பெண் பெற்றால், சட்டத் தர்க்கப் பகுதியில் கூடுதலாகப் பெற்றவருக்கும், அதிலும் சமமெனில் வயதில் மூத்தவருக்கும் முன்னுரிமை தரப்படுகிறது. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதுபவரைவிட, ஓராண்டு வீட்டிலிருந்து தயாராகி எழுதுபவரே பெரும்பாலும் மூத்தவராக இருப்பார் என்பதால், இந்தச் சிறிய விதியும் மறுமுறை எழுதுவோர் பக்கமே சாய்கிறது.

தமிழ்நாட்டின் உடையார்பாளையம் போன்ற ஊரிலிருந்து பார்க்கும்போதுதான் இந்தச் சாய்வின் கனம் முழுமையாகத் தெரிகிறது. முந்திரிக்காட்டு வேலையிலோ சுண்ணாம்புக்கல் சுரங்கக் கூலியிலோ பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு, இரண்டாம் முறை எழுதுவது என்றால் கல்லூரியில் சேராமல் ஓராண்டு காத்திருப்பது, திருச்சியிலோ சென்னையிலோ தங்கிப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவது, மீண்டும் ஏறத்தாழ 4,000 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் செலுத்துவது என்று பொருள். அதோடு, கிளாட் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வருவதால், தமிழ்வழியில் படித்தவருக்கு முதல் முயற்சி என்பதே பெரும்பாலும் மொழியோடு நடத்தும் போராட்டமாகிவிடுகிறது. அவருக்குத்தான் இரண்டாம் வாய்ப்பு மிகவும் தேவை, அவருக்குத்தான் அது எட்டாமல் போகிறது.

மருத்துவச் சேர்க்கையில் இதே பிரச்சினைக்கு ஆதாரமான எண்கள் உள்ளன. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு 2021இல் அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்களின் பங்கு, தமிழ்நாட்டில் நீட் வருவதற்கு முந்தைய 2016-17இல் 12.47 விழுக்காடாக இருந்து, 2020-21இல் 71.42 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டியது. உடையார்பாளையத்தை அடுத்த செந்துறை வட்டத்துக் குழுமூரைச் சேர்ந்த அனிதா, 2017இல் பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 பெற்றும், நீட் மதிப்பெண்ணால் மருத்துவ இடத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்ட துயரத்தை இப்பகுதி மறக்கவில்லை. அந்த 71 விழுக்காட்டுக்குள் இடம்பெறக் காலமும் பணமும் வாய்த்தவர்கள் யார் என்ற கேள்வியை அந்த வட்டார மக்கள் கேட்பதில் வியப்பில்லை.

சட்டப் படிப்பில் தமிழ்நாட்டுக்கு ஒரு மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில் மாணவர்களைச் சேர்க்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீட்டைப் பொறியியல், வேளாண்மைப் படிப்புகளோடு சட்டப் படிப்புக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கியது. உடையார்பாளையத்துப் பிள்ளை உள்ளூர்ப் பள்ளியில் ஒருமுறை எழுதிய பொதுத்தேர்வே அங்குப் போதுமானதாகிறது.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் கிளாட்டை உடனே கைவிடப்போவதில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் இது எத்தனையாவது முயற்சி என்று கேட்பதும், இடம் பெற்றவர்களில் முதல்முறை எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிடுவதும் அவற்றால் எளிதாகச் செய்யக்கூடியவை. சமமான மதிப்பெண் பெற்ற இருவருள் வயதில் மூத்தவருக்குத் தரும் முன்னுரிமையை முதல்முறை எழுதியவருக்கு மாற்றித் தருவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு எடுக்கும் ஒரு முடிவு போதும்.