கரப்பான் பூச்சியும் நம் பிள்ளைகளின் மூச்சும்

(அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களும் இளையோரும் கூடிய நிகழ்வொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆஸ்துமாவால் துன்புறும் பிள்ளையை அழைத்துச் செல்கையில், "வீட்டில் கரப்பான் பூச்சி உண்டா?" என்று மருத்துவர் வினவினால், நம்மில் பலர் "இல்லை" என்றே விடையளிக்கின்றோம். நம் தூய்மையைப் பிறர் குறைவாக எண்ணிவிடுவரோ என்னும் நாணமே அதற்குக் காரணம். அந்த நாணம் பிள்ளையின் மூச்சுக்கே ஊறு விளைவிக்கின்றது.

கரப்பான் பூச்சியின் எச்சம், உமிழ்நீர், உதிர்ந்த தோல் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் தூசியோடு கலந்து மூச்சுக்குழாயை அடைகின்றன. ஒவ்வாமைக்கு ஆளாகும் பிள்ளையின் நோயெதிர்ப்பு அணுக்கள், தீங்கற்ற அப்புரதங்களைப் பகையெனக் கருதிவிடுகின்றன. 'டி' அணுக்களுள் ஒரு பிரிவு 'பி' அணுக்களைத் தூண்டி, 'ஐ.ஜி.ஈ' என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கச் செய்கின்றது. அது 'மாஸ்ட்' அணுக்களின் மேற்பரப்பில் பற்றிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மீண்டும் நுழைந்தால், அவ்வணுக்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருட்களை வெளியிடுகின்றன. மூச்சுக்குழாய் சுருங்குகின்றது, சளி பெருகுகின்றது. பின்னர் 'ஈயோசினோபில்' என்னும் வெள்ளணுக்கள் திரண்டுவந்து அழற்சியை நீடிக்கச் செய்கின்றன. 'டி' அணுக்களுள் சில இப்புரதத்தை நினைவில் வைத்திருப்பதால், இவ்வினை மீண்டும் மீண்டும் நிகழ்கின்றது.

இதன் விளைவு சிறிதன்று. அமெரிக்கப் பெருநகரங்களின் உட்பகுதிகளில் வாழ்ந்த, ஆஸ்துமா உள்ள 476 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 1997இல் வெளிவந்தது. அவர்களுள் 36.8 விழுக்காட்டினருக்குக் கரப்பான் பூச்சி ஒவ்வாமை இருந்தது. ஒவ்வாமையும், படுக்கையறையில் மிகுதியான கரப்பான் புரதமும் ஒருங்கே அமைந்த பிள்ளைகள், ஏனையோரைவிட 3.4 மடங்கு அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. நியூ ஓர்லியன்ஸ் நகரில் 102 பிள்ளைகளின் வீடுகளில் நிகழ்ந்த ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. கரப்பான் பூச்சிகளுக்கு நச்சு இரை வைக்கப்பட்ட வீடுகளில் பூச்சிகள் குறைந்தன. பிள்ளைகள் ஆஸ்துமாவால் அல்லலுறும் நாட்களும் குறைந்தன. தெளிக்கும் மருந்தோ மூச்சுக்குழாயை உறுத்தக்கூடியது. பூச்சிகள் மடிந்த பின்னும் அவற்றின் புரதம் பல மாதங்கள் தூசியில் தங்கும். ஆகவே சுவரிடுக்குகளை அடைத்தலும், தரையையும் படுக்கை விரிப்புகளையும் கழுவுதலும் இன்றியமையாதவை.

அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு குடும்பம் மட்டும் தூய்மை பேணினால் போதாது. சுவர்களின் வழியே, குழாய்களின் வழியே பூச்சிகள் வீடுவிட்டு வீடு செல்லும். நியூயார்க் நகரம் 2018இல் இயற்றிய 55ஆம் இலக்கச் சட்டம், மூன்றோ அதற்கு மேற்பட்டோ குடியிருப்புகள் உள்ள கட்டடங்களில் பூச்சிகளை ஒழிக்கும் பொறுப்பை உரிமையாளர் மீதே சுமத்துகின்றது. எனவே இது தாயின் குற்றமன்று, குடியிருப்போரின் உரிமை.

பெற்றோர்களே, மருத்துவரிடம் உண்மையைக் கூறுங்கள். ஒவ்வாமைப் பரிசோதனை வேண்டுமா எனக் கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இளையோரே, ஆங்கிலத்தில் முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தயங்கும் பெற்றோருக்கு நீங்களே கைகொடுங்கள். அண்டை வீட்டாரையும் இணைத்துக்கொண்டு கேளுங்கள்.