இசைப் படிப்பும் பிழைப்பும்



தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் பாட்டு வகுப்பு ஒரு மரபாகவே நிலைத்துவிட்டது. நவராத்திரிக் கொலுவின் முன் குழந்தை பாடினால் மகிழ்கிறோம். அக்குழந்தையே வளர்ந்து, "கல்லூரியில் இசையையே பாடமாக எடுக்கப் போகிறேன்" என்று சொன்னால் திகைத்துப் போகிறோம். சென்ற ஆண்டு தில்லியில் நம் இல்லத்திலும் அவ்வாறே நேர்ந்தது.

"இது சோறு போடுமா, அம்மா?" என்று மகளைக் கேட்டோம். கேட்ட மாத்திரத்தில் நம் தந்தையாரின் குரலே நம் வாயிலிருந்து எழுவதை உணர்ந்தோம். நாம் இலக்கியம் பயிலப் புகுந்த நாளில் அவரும் இதையே கேட்டார். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர் என்றொரு பதவி உண்டென்பதை அன்று அவரும் அறியார், நாமும் அறியோம். எனினும், நமக்கு வாய்த்த நல்லூழ் மகளுக்கும் வாய்க்கும் என்று வாளாவிருத்தல் தகாது. ஆதலின் உள்ள வழிகளை விசாரித்தோம்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் இசைக்கெனத் தனித்துறை 1960-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இந்துஸ்தானி இசையோடு கருநாடக இசையும் அங்கே பயிற்றப்படுகிறது. இசையில் பட்டம் பெற்றோர் கேந்திரிய வித்யாலயங்களில் தொடக்கநிலை இசையாசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்று, தேசியத் தகுதித் தேர்விலும் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம். வானொலியின் குரல் தேர்வில் தேறுவோர் 'பி' முதல் 'டாப்' வரை தரம் பிரிக்கப்படுகின்றனர். ஆனால் அதனால் கிடைப்பது நிகழ்ச்சிக்குரிய ஊதியமேயன்றி மாதச் சம்பளமன்று. கச்சேரி மேடையை மட்டுமே நம்பி வாழ்வோர் மிகச் சிலர்.

இவற்றை ஒளிக்காமல் மகளிடம் எடுத்துரைத்தோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்து, "மேடை கிடைக்காவிட்டால் சொல்லிக்கொடுப்பேன், அப்பா" என்றாள்.

அதன்பின் ஒரு மாதம் நாம் ஒன்றும் சொல்லவில்லை. 'சாதகம் செய்' என்றும் ஏவவில்லை. தை மாதத்துக் குளிரில், மூடுபனி ஜன்னலை மறைத்திருந்த நேரத்தில், நாள்தோறும் ஐந்து மணிக்குச் சுருதிப்பெட்டியின் ஒலி கேட்டது. ஒரே வரிசையை மூன்று காலங்களிலும் சலியாது பாடிக்கொண்டிருந்தாள். கைதட்டுவார் எவருமில்லை.

அதுவே நமக்கு விடையாயிற்று. புகழை விரும்புவது வேறு. பயிற்சியை விரும்புவது வேறு. முன்னதை மட்டும் உடையவர்க்கு இசைக்கல்வி ஏமாற்றமாக முடியலாம். பின்னது உள்ளவரைத் தடுப்பது முறையன்று. இசையோடு ஆசிரியப் பயிற்சிக்கும் ஆயத்தமாக வேண்டும், இந்தியையும் பிழையின்றி எழுதப் பழக வேண்டும் என இரண்டு நிபந்தனைகள் விதித்தோம். அவள் இசைந்தாள், நாமும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டோம்.

அச்சம் முற்றிலும் நீங்கிவிட்டதென்று சொல்லமாட்டோம். ஆயினும், காலையில் அவ்வொலி கேட்கும்போது, நம் தந்தையாரும் இவ்வாறே அஞ்சிக்கொண்டுதான் நமக்குக் கையொப்பமிட்டார் என்பது நினைவுக்கு வருகிறது.