அரையணாவும் அரசாங்கமும்



அரசாங்கம் என்னும் பெரும் இயந்திரம் ஏழைக் குடிமகனின் வீட்டு வாசலில் எந்தெந்த உருவில் வந்து நிற்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வரி கேட்க ஒருவர் வருவார்; விசாரணை என்று கூறிக்கொண்டு ஒருவர் வருவார்; தேர்தல் காலத்தில் அமைச்சரே வருவார். இவர்களில் எவருடைய வருகைக்காகவும் மக்கள் திண்ணையில் காத்துக் கிடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரே ஓர் அரசாங்க ஊழியரைத்தான் இந்நாட்டுத் தாய்மார்கள், "இன்றாவது வருவாரா?" என்று எதிர்பார்த்து நின்றார்கள். அவர் தபால்காரர். அவர் சார்ந்த இலாகாவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

இந்தத் தபால், மக்களுக்காகப் பிறந்ததன்று. 1766-ல் கிளைவ் அதனை ஒழுங்குபடுத்தியபோது, கம்பெனியின் கடிதங்கள் காலத்தில் போய்ச் சேரவேண்டும் என்பதே நோக்கம். வழிநெடுக இருந்த ஜமீன்தார்கள் ஓட்டக்காரர்களைத் தரவேண்டும். தந்த ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவர்கள் செலுத்தவேண்டிய குத்தகையில் கழிவு உண்டு. ஓடியவன் கால் ஏழையின் கால். கழிவு பெற்ற கை ஜமீன்தாரின் கை! 1774-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பொதுமக்களும் கடிதம் அனுப்பலாம் என்று கதவைத் திறந்தார். 100 மைலுக்கு 2 அணா என்பது கட்டணம். சென்னையில் ஜெனரல் போஸ்டாபீசு 1786-ல் ஏற்பட்டது. 1837-ல் வந்த சட்டம், கடிதம் சுமக்கும் உரிமை கம்பெனி அரசாங்கத்துக்கு மட்டுமே என்று ஆக்கியது. அப்போதும் தூரத்துக்குத் தக்கவாறுதான் கட்டணம். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதத்துக்கு ஒரு ரூபாய்! மாதம் நாலைந்து ரூபாய் ஈட்டுவதே உழைப்பாளிக்குப் பெரும்பாடாக இருந்த காலம் அது. கடிதம் எழுதுவோர் யார், எழுத இயலாதோர் யார் என்பதை நான் விளக்கவும் வேண்டுமோ?

(இடையிலே ஒன்று. 'அஞ்சல்' என்று நாம் இன்று எழுதுகிறோமே, அது பண்டிதர் எவரும் அகராதியிலிருந்து தேடியெடுத்துத் தந்த சொல் அன்று. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் மன்னர்கள் நடத்திய தபாலுக்கே 'அஞ்சல்' என்றுதான் பெயர். 1951-ல்தான் அது இந்தியத் தபாலோடு இணைந்தது.)

1854-ல் நிகழ்ந்தது பெரிய மாறுதல். கால் தோலா எடையுள்ள கடிதம், நாட்டின் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குச் சென்றாலும் அரையணா. தூரம் என்ற கணக்கே ஒழிந்தது. இதற்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ரோலண்டு ஹில். அவர் 1837-ல் வெளியிட்ட சிறு நூலில் ஓர் உண்மையைக் கணக்குப் போட்டுக் காட்டினார். கடிதத்தைச் சுமந்து செல்வதிலே செலவு மிகுதியில்லை. அதைச் சேகரிப்பதிலும், பிரிப்பதிலும், வீடு தேடிக் கொடுப்பதிலும், வாங்குபவரிடம் காசு வசூலிப்பதிலும்தான் செலவு. ஆகவே முன்பணமாகத் தலை ஒட்டிவிடு, தூரத்தை மறந்துவிடு என்றார். 1840-ல் அங்கே ஒரு பென்னித் தபால் பிறந்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே அரையணாத் தபால். டல்ஹௌசிப் பிரபு இதைச் செய்தது நம்மீது கொண்ட அன்பினால் அன்று. ஆட்சிக்கும் வாணிபத்துக்கும் அது தேவைப்பட்டது. ஆயினும், ஆள்வோன் தனக்கென வெட்டிய கால்வாயிலிருந்து ஊரார் வயலுக்கும் நீர் பாய்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1879-ல் காலணாக் கார்டு வந்தது. 1880-ல் மணியார்டர் தபால் நிலையத்துக்கு வந்தது. பம்பாய்ப் பஞ்சாலையில் உழைத்தவனின் கூலி, இரத்தினகிரியில் இருந்த அவன் குடும்பத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. 1882-ல் சேமிப்பு வங்கி. மலேரியா வாட்டிய வங்காளத்துச் சிற்றூர்களில் 1890-களில் கொயினா மருந்துப் பொட்டலமும் தபால் நிலையத்திலேதான் விற்றது.

தோழர்களே, ஒரே கட்டணம் என்பதன் உட்பொருளை நாம் ஊன்றி நோக்கவேண்டும். நகரத்திலே ஒரு தெருவில் நூறு கடிதம் கொடுப்பது எளிது; இலாபமும் உண்டு. மலையடிவாரத்துச் சிற்றூருக்கு ஒரே ஒரு கடிதம் கொண்டுசெல்ல, ஒருவர் பல மைல் நடக்கவேண்டும், நட்டம்தான். முன்னதில் கிடைப்பதை எடுத்துப் பின்னதற்குக் கொடுப்பதுதான் தேசியத் தபாலின் இலக்கணம். நாடு விடுதலை பெற்றபோது 23,344 தபால் நிலையங்கள் இருந்தன. இன்று 1,64,000-க்கும் மேல். அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு கிராமங்களில். கூரியர் கம்பெனிகள் கட்டிய நிலையங்களா இவை? அவர்கள் பாலின் மேலே படிந்த ஆடையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு, "பாலில் சத்து இல்லையே, தபால் இலாகா நட்டத்தில் ஓடுகிறதே!" என்று அங்கலாய்க்கிறார்கள் சிலர். பல ஆண்டுகளாக 50 காசுக்கு விற்கப்படும் கார்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க அதைப்போல் பல மடங்கு செலவாகிறது என்பது உண்மை. பள்ளிக்கூடமும் நட்டத்தில்தான் நடக்கிறது. யாரும் அதற்குக் கணக்குக் கேட்பதில்லை.

இங்கிலாந்து இந்த வழியில் முன்னே சென்றது. 2013-ல் ராயல் மெயிலின் பங்குகளை ஒன்றுக்கு 330 பென்சு என்று அந்நாட்டு அரசாங்கம் விற்றது. முதல் நாளே விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிற்று. மக்கள் சொத்து மலிவாகப் போயிற்று என்று அங்குள்ள எதிர்க்கட்சியினர் கூக்குரலிட்டனர். குதிரை போன பிறகு இலாயத்தைப் பூட்டிய கதை. டென்மார்க்கிலோ, 1624-ல் தொடங்கிய கடித விநியோகத்தை 2025-ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்துவதாகத் தபால் நிறுவனமே அறிவித்தது. அங்கே கடிதம் எழுதுவோர் அருகிவிட்டனர் என்பது காரணம். இங்கும் குறைந்துதான் வருகிறது. கைபேசி வந்த பிறகு காதலர்கூடக் கடிதம் எழுதுவதில்லை. அதனால் தபால் வேண்டாம் என்று ஆகிவிடுமா? கடவுச்சீட்டும், நீதிமன்ற அறிக்கையும், முதியோர் உதவித்தொகையும் எந்தக் கையால் சிற்றூருக்குப் போகின்றன?

இனி, நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். 1898-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு பெரிய அதிகாரங்களை அரசாங்கத்துக்குக் கொடுத்திருந்தது. ஒன்று, கடிதம் சுமக்கும் தனியுரிமை. மற்றொன்று, அவசர நிலையிலும் பொது அமைதியின் பெயராலும் கடிதத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம். 1986-ல் இந்த இரண்டாவது அதிகாரத்தை மேலும் விரிக்க ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில்சிங் அதில் கையொப்பமும் இடவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. மேசையில் வைத்துக்கொண்டு மௌனம் காத்தார். அது கடைசிவரை சட்டமாகவே இல்லை. பேசாமல் இருந்தே அவர் ஆற்றிய தொண்டு அது.

2023-ல் புதிய அஞ்சலகச் சட்டம் வந்தது. 2024 ஜூன் 18-ல் நடைமுறைக்கும் வந்தது. தனியுரிமை அதில் இல்லை, கைவிட்டார்கள். கடிதத்தைத் தடுக்கும் அதிகாரமோ இருக்கிறது! நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு என்று பட்டியல் நீண்டு, ஏதேனும் ஒரு சட்டம் மீறப்பட்டது என்னும் அளவுக்கு அகன்றிருக்கிறது. கடிதம் தொலைந்தால் பொறுப்பு, விதிகளில் சொன்ன அளவுக்கு மட்டுமே. சுமக்கும் கடமை தளர்ந்தது, பிரிக்கும் உரிமை வளர்ந்தது. இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர். 2025 செப்டம்பரில், ஏழையின் சாட்சியாக இருந்த ரிஜிஸ்தர் தபாலும் தனிச் சேவையாக இராமல் விரைவுத் தபாலோடு கலந்துவிட்டது.

2019 ஜூலையில், தபால்காரர் முதலிய பதவிகளுக்கான தேர்வில் முதல் தாளை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடத்தினார்கள். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் மாநிலங்களவையில் கிளர்ந்தெழுந்த பின், இரண்டே நாளில் அத்தேர்வு ரத்தாயிற்று. தமிழில் எழுதிய முகவரியைப் படிக்கவேண்டிய வேலைக்கு ஏன் இப்படியொரு தேர்வு வைத்தார்கள் என்பதற்கு விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

கடைசியாக, அந்த 1,64,000 நிலையங்களில் பெரும்பாலானவற்றை நடத்துவோர் யார் என்று பார்ப்போம். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராம அஞ்சல் பணியாளர்கள். முன்னாளில் 'இலாகாவுக்குப் புறம்பான' ஊழியர்கள் என்று பெயர். நாளுக்கு நாலைந்து மணி நேர வேலை என்று ஏட்டில் எழுதியிருக்கும். கிளைத் தபால் நிலையம் இயங்க இடத்தையும் கிளை அதிபரே ஏற்பாடு செய்யவேண்டும். வாழ்க்கைக்கு வேறு வருவாயும் அவரே தேடிக்கொள்ள வேண்டும். அவர்கள் வகிப்பது அரசாங்கப் பதவியே, விசாரணையின்றி நீக்கலாகாது என்று 1977-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 மே மாதம் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; இரு வாரங்களுக்கு மேல் சிற்றூர்களில் தபால் நின்றது. அதன் பின்னரே மத்திய அமைச்சரவை அவர்களது ஊதியத்தை உயர்த்த இசைந்தது. நிரந்தர ஊழியருக்குரிய ஓய்வூதியமும், நிரந்தர ஊழியர் என்னும் நிலையும் அவர்களுக்கு இன்றளவும் கிட்டவில்லை.