வகுப்பறையில் ஓர் ஐ.நா. சபை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டிமன்றத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது நமக்குக் கைவந்த கலை. அங்கே எதிரணியை மடக்கிப் பேச வேண்டும். நடுவர் தீர்ப்புச் சொல்வார். நாடுகள் கூடிப் பேசும் இடத்தில் அப்படி ஒரு நடுவர் பெரும்பாலும் இருப்பதில்லை. எதிரில் இருப்பவரும் 'சரி' என்றால்தான் காரியம் நடக்கும். இதைப் பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்க நல்ல வழி, மாதிரி ஐ.நா. சபை.

பெரிய தனியார் பள்ளிகளில் இது கோட்டு சூட்டுடன் ஆங்கிலத்தில் நடப்பதால், நமக்கானது அல்ல என்று ஒதுக்கிவிடுகிறோம். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் தமிழிலேயே, மூன்று பாடவேளைகளில், செலவில்லாமல் நடத்துகிறோம். ஐ.நா.வில் 193 நாடுகள் உண்டு. தொடக்கநிலையினருக்கு எட்டு போதும். நாற்பது பேர் என்றால் நாட்டுக்கு ஐந்து பேர்.

எங்கள் தலைப்பு நிலக்கரி. முதல் பாடவேளையில் ஒவ்வொரு குழுவுக்கும் அரைப்பக்கக் குறிப்பு தருவேன். மாலத்தீவின் நிலம் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியா நிலக்கரியை ஏற்றுமதி செய்கிறது. 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிட ஜெர்மனி 2020இல் சட்டம் இயற்றியது.

'நான்' என்று யாரும் பேசக்கூடாது; 'மாலத்தீவு கருதுகிறது' என்றே பேச வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய துணை. வகுப்பில் வாயே திறக்காத மாணவி ஒருத்தி ஆஸ்திரேலியாவாக எழுந்து, "சுரங்கத்தை மூடினால் அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கே போவார்கள்?" என்று கேட்டாள். அது அவளுடைய சொந்தக் கருத்து அல்ல. ஆனால் அப்படிக் கேட்பவர்களின் நியாயம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

இரண்டாம் பாடவேளையில் நாட்டுக்கு ஒரு நிமிடப் பேச்சு. பிறகு பதினைந்து நிமிடம் இடத்தைவிட்டு எழுந்து, யாரும் யாரோடும் பேசலாம். இரைச்சல் இருக்கும், தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள். "நீங்கள் இதை ஏற்றால் நாங்கள் அதைச் சேர்க்கிறோம்" என்ற பேரம் அந்த இரைச்சலுக்குள்தான் நடக்கிறது.

மூன்றாம் பாடவேளையில் தீர்மானம் எழுதுவார்கள். ஐ.நா. பொதுச்சபை நாடுகளுக்குப் பெரும்பாலும் பரிந்துரைதான் செய்ய முடியும். ஆகவே 'கேட்டுக்கொள்கிறது' என்பதா, 'வலியுறுத்துகிறது' என்பதா என்று வாக்குவாதம் வரும். தமிழாசிரியரை அன்று வகுப்புக்கு அழையுங்கள்.

ஒரு சொல்லுக்காக அவர்கள் மல்லுக்கட்டிய பிறகு கிளாஸ்கோவைப் பற்றிச் சொல்லுங்கள். 2021 காலநிலை மாநாட்டின் கடைசி நேரத்தில் இந்தியா திருத்தம் கோரியது. நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக 'ஒழிப்பது' என்றிருந்தது 'குறைப்பது' என்றானது. தீவு நாடுகள் சில தங்கள் ஏமாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னன. ஆனாலும் உடன்பாட்டை உடைக்கவில்லை. இது இந்தியாவுக்கு வெற்றியா, தீவுகளுக்குத் தோல்வியா என்று பிள்ளைகளே விவாதிக்கட்டும்.

மதிப்பீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். சிறந்த பேச்சாளர் பரிசு வேண்டாம். அடுத்த நாட்டின் கோரிக்கை ஒன்றையாவது தன் வரைவில் சேர்த்துக்கொண்ட குழுவைப் பாராட்டுங்கள். விட்டுக்கொடுப்பதைத் தோல்வி என்றே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, அந்தப் பாராட்டே பாடம்.

எட்டு நாடுகளின் குறிப்புகளும் என்னிடம் உள்ளன. வேண்டுபவர்கள் இன்றே படியெடுத்துக்கொள்ளலாம்.